ஓரத்துல யாரு, கையத் தூக்குங்க

வீட்டுக்கு யார் வந்தாலும் செல்லையா முதலில் தம்பி வாசுவின் கல்யாணப் படத்தைத்தான் ஆணியிலிருந்து கழற்றுவார். காப்பியெல்லாம் பிறகு.

"இத நல்லா பாருங்க. மாப்பிள்ளை, பொண்ணு, எங்கம்மா, தோட்டத்துக் கிராணி, வேல வாங்குற மண்டோர், மண்டோர் வீட்டு நாய்கூட இருக்கு. இந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுதா? அதான் மாப்பிள்ளைக்கு அண்ணன். பந்தல் போட்டவன், லோரியில ஆள ஏத்தி எறக்குனவன். எல்லாம் அந்த அன்னம்மா செஞ்ச வேலை!"

சொல்லிவிட்டுக் கைலி நுனியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டுவார். பல வருஷமாக இதே பேச்சு. ஒரு சொல் மாறியதில்லை.

அன்னம்மாவை அந்த எண்பதுகளில் ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் தெரியாத தொழிலாளர் லயம் கிடையாது. கோலசிலாங்கூரில் ஒரு சீனர் ஸ்டூடியோவில் படங்களுக்கு மை தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள். முதலாளி தௌக்கே கடையை மூடிவிட்டு மகனோடு போனபோது தன்னுடைய இரட்டைக் கண் கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேல் கண் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கழுத்தில் அந்தக் கேமரா, ஓட்டை ஹோண்டா மோட்டார் சைக்கிள். அந்தச் சத்தம் செம்பனை மரங்களுக்குள் கேட்டாலே பெண்கள் முகம் கழுவிப் பவுடர் போட ஓடுவார்கள்.

பெரிய ஃபிலிம் போட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுத்த வரைக்கும் அவள்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அப்புறம் எல்லாருக்கும் கலர் வேண்டும் என்றாகிவிட்டது. கிள்ளானில் கலர் கழுவுகிற மெஷினுக்குள் சின்ன ஃபிலிம்தான் போகும். அந்தப் பழைய கேமராவுக்குள்ளேயே ஒரு சட்டத்தைப் பொருத்தினால் சின்ன ஃபிலிமும் ஓடும் என்று தெரிந்து பொருத்தினாள். முதல் கல்யாணமே வாசுவுடையது. வழக்கமாக நிற்கிற தூரத்தில் நின்றாள். மேல் கண்ணில் எல்லாரும் இருந்தார்கள். அமுக்கிவிட்டாள். கீழே ஃபிலிம் மாறியது மேல் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நடுவில் நின்றவர்கள் மட்டும் படத்தில் விழுந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் அவளுடைய கோணங்கித்தனங்கள் எல்லாம். மேல் கண்ணாடியில் கியூடெக்ஸ் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு சின்னக் கட்டம் வரைந்துகொண்டாள். கட்டத்துக்கு வெளியே நிற்கிறவர் படத்துக்கும் வெளியே. அதற்காக ஆட்களை நெருக்கியடிக்கச் சொல்லமாட்டாள். தானே பின்னால் போவாள், குதிகாலால் தரையைத் தடவித் தடவி. ஒருமுறை அப்படியே போய்ச் செம்பனைக்கு நடுவே வெட்டியிருந்த பாரிட் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கேமரா மட்டும் தலைக்கு மேலே. தூக்கிவிட ஓடி வந்தவர்களை அங்கிருந்தே அதட்டினாள். "யாரும் நகராதீங்க! இப்பத்தான் எல்லாரும் உள்ள வந்தீங்க!"

சின்ன ஃபிலிமில் படம் அகலமாக வர அந்தக் கேமராவைப் படுக்கப் போட்டுப் பிடிக்க வேண்டும். உச்சியில் இருக்கிற கண்ணாடி அப்போது பக்கவாட்டுக்கு வந்துவிடும்; ஆட்கள் ஒரு பக்கம் நிற்க, அவள் வேறு பக்கம் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, நாங்க இங்க இருக்கோம்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

"தெரியுதுடா. எல்லாம் தலைகீழா நிக்கிறீங்க."

அமுக்குவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுப்பாள். "ஓரத்துல யாரு, கையத் தூக்குங்க!" இரண்டு கடைசியிலும் இரண்டு கைகள் உயரும். அவை கட்டத்துக்குள் வந்த பிறகுதான் விரல் அசையும். பழக்குலை ஏற்றிப் போகும் செல்லையா இதைக் கண்டால் லோரியை நிறுத்திவிடுவார். "எல்லாம் என் முழங்கை போட்ட பிச்ச லா!" என்று கூவிவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒருநாள் அவளும் விடவில்லை. மோட்டார் சைக்கிளை லோரிக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"அண்ணே, உங்க லோரி லைட்டு செவுத்துல வட்டமா விழுதா? அது முன்னால ஒரு பாய விரிச்சா முழு வட்டமும் பாயில விழும். கைக்குட்டைய விரிச்சா?"

"நடு மட்டும் விழும்."

"லைட்டு மாறுச்சா?"

"அது எப்படி மாறும்?"

"அதான். கேமரா கண்ணு அதே கண்ணுதான். பாய எடுத்துட்டுக் கைக்குட்டைய வச்சுட்டேன்."

செல்லையா ஸ்டீயரிங்கைத் தட்டினார். "அப்ப நான் கைக்குட்டைக்கு வெளிய நின்னுருக்கேன். இத அன்னிக்கே சொல்லியிருந்தா மண்டோர் நாயத் தள்ளிட்டு உள்ள வந்திருப்பேன்ல?"

அன்னம்மா இப்போது ராவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போதுகூட ஓரத்தில் வருகிறவனைக் கையைத் தூக்கச் சொல்கிறாள் என்று கேள்வி. செல்லையாவிடம் அவள் கடைசியாக ஒன்று செய்யச் சொன்னது அவருடைய அம்மா தாயம்மா படுத்துவிட்ட வருஷத்தில்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தூக்கி உட்காரவைத்தாலே தாயம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் செல்லையாவுக்கு உறைத்தது. அம்மாவோடு தான் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. இருந்திருக்க வேண்டியது அந்தக் கல்யாணப் படம் ஒன்றுதான். லோரியை எடுத்துக்கொண்டு போய் அன்னம்மா வீட்டு வாசலில் நின்றார். "வா. இந்த முற யார வெட்டப் போற?" அவருக்குத் தெரிந்த அழைப்பு அதுதான்.

லயத்து அறை. கட்டிலைச் சுற்றிச் சனம். அன்னம்மா எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு குரல் கொடுத்தாள். இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டும் கட்டத்துக்கு வெளியே. ஒரு கை செல்லையாவுடையது.

"இதுக்கு மேல பின்னால போனா பக்கத்து வீட்டு அடுப்படிதான்" என்றாள்.

"மறுபடியும் நான்தானா?" என்றார் செல்லையா. குரலில் கிண்டல் இல்லை.

அன்னம்மா தரையில் உட்கார்ந்தாள். கேமராவைத் திறந்து உள்ளே இருந்த சட்டத்தைக் கழற்றி வைத்தாள். பையைத் துழாவிப் பெரிய ஃபிலிமை எடுத்துப் போட்டாள். "கலர் வராதுண்ணே, பரவால்லையா?"

"கலரு கெடக்கு. ஆளு இருக்கணும்."

அவள் அதே சுவரில் சாய்ந்து, கேமராவை நேராகப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். செல்லையா அதற்குள் தம்பியையும் தங்கைகளையும் இடித்துக்கொண்டு நட்டநடுவில் வந்து நின்றிருந்தார்.

"அண்ணே, சன்னல மறைக்கிறீங்க. அம்மா மூஞ்சி இருண்டுருச்சு. கடைசிக்குப் போங்க."

அவர் அசையவில்லை. "கட்டத்துக்கு வெளியவா?"

"இன்னிக்குப் பெரிய ஃபிலிம். கட்டமே கெடையாது." கேமராவிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "அம்மா கால் ஆடுது, பாருங்க. லைட்டு அடிச்சா பயந்துக்குவாங்க, இந்த வெளிச்சத்துல மெதுவாத்தான் எடுக்கணும். ஆடுனா படம் கலங்கிரும். நீங்க கால்மாட்டுக்குப் போயி அந்தக் கால ஆடாம புடிச்சுக்குங்க."

செல்லையா எல்லாரையும் கடந்து கட்டிலின் கடைசிக்குப் போனார். குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தாயின் காலைப் பிடித்துக்கொண்டார். கேமரா பக்கம் திரும்பவில்லை.