எழுவான் பக்கம் போங்க

சாலையோரப் பச்சைப் பலகையைப் பற்றி என் இரண்டு அண்ணன்மாரும் தொலைபேசியில் சண்டை பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. பெரியண்ணன் இங்கிலாந்தில் லொறி ஓட்டினார். சின்னண்ணன் அமெரிக்காவில் அதைவிடப் பெரிய லொறி ஓட்டினார். அது பெரியது என்பதைச் சொல்லாமல் அவருக்குப் பேச்சே தொடங்காது. ஊரிலேயே, கல்லடியில் இருந்த நான், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், இருவருக்கும் நடுவில் நீதவான். மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருப்போம். நான் அரிசி களைந்தபடியே தீர்ப்புச் சொல்வேன்.

"எங்கட நாட்டில நிறத்தைப் பாத்தாலே காணும். நீலப் பலகை மோட்டர்வே, பச்சை பெரிய றோட்டு, வெள்ளை உள்ளூர் றோட்டு. உங்கட ஆக்களுக்கு எல்லாம் ஒரே பச்சை" என்பார் பெரியண்ணன். இங்கிலாந்து எப்போது எங்கட நாடானது என்று நான் கேட்டால் கேட்காததுபோல் இருப்பார். சின்னண்ணன் விடமாட்டார். அமெரிக்காவில் எண்ணைப் பார்த்தாலே சாலையின் போக்குத் தெரியுமாம். பெரிய நெடுஞ்சாலைகளில் இரட்டை எண் கிழக்கு மேற்காக ஓடும், ஒற்றை எண் தெற்கு வடக்காக ஓடும். "அண்ணன்ர ஊரில லண்டனைச் சுத்தித்தான் எண் வச்சிருக்கான். லண்டன் எங்க எண்டே தெரியாதவன் என்ன செய்யிற?" என்று சிரிப்பார். பலகையில் அடுத்த ஊர்ப்பேர் இருக்கும், வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பது பெரியண்ணனின் பதில். எங்கள் றோட்டுக்கு உள்ள ஏ பதினைந்து என்ற எண்ணும் வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம்தான். ஆனால் இங்கே எவர் எண் சொல்கிறார்? திருமலை றோட்டு என்றால் திருமலை றோட்டுதான்.

எங்களுக்குத் திசை என்றால் வாவிதான். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை, மேற்கே அது படும் படுவான்கரை. அப்பாவின் வயல் வட்டை படுவான்கரையில் இருந்தது. வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலும், பிள்ளைப்பேறு சிக்கலானாலும், "எழுவான்கரைக்குக் கொண்டு போங்க" என்றுதான் குரல் எழும்பும். பள்ளிக்கூடம், அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். அப்பாவையே ஒருமுறை தோணியில் கிடத்திக் கொண்டுவந்து பிழைக்கவைத்தோம். அந்தப் பழக்கம் என் எலும்புக்குள் இருந்தது.

சின்னண்ணனுக்கு நெஞ்சு அறுவைச் சிகிச்சை என்று செய்தி வந்தபோது அண்ணன்மார் இருவரும் நேரில் பார்த்து இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. உள்ளே போவதற்கு முன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று சின்னண்ணன் கேட்டார். பெரியண்ணன் விமானம் ஏறினார். கைபேசி வழி சொல்லாத காலம் அது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு தங்கி, காலையில் வாடகைக் காரை எடுத்தார். கையிலிருந்த துண்டில் நெடுஞ்சாலை எண்ணும், அதைவிட்டு இறங்க வேண்டிய வெளிவழியின் எண்ணும் இருந்தன. எந்தத் திசை என்று மட்டும் அதில் இல்லை. பலகைகளில் ஆஸ்பத்திரி இருந்த சின்ன ஊரின் பேர் இல்லை. எங்கோ தொலைவில் உள்ள மாநகரங்களின் பேரும், கிழக்கு, மேற்கு என்ற இரண்டு சொல்லும்தான். சின்னண்ணனின் மனைவி, என் மச்சாளின் கைபேசி அப்போது அணைந்து கிடந்தது. ஒரு பெற்றோல் கடையிலிருந்து எனக்கு அடித்தார். இங்கே பின்னேரம், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, அவன் உன்னோடதானே கனக்கக் கதைக்கிறவன். கிழக்கா, மேற்கா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஆஸ்பத்திரிதானே அண்ணன், எழுவான் பக்கம் போங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் பிழையான திசையில் ஓடியிருக்கிறார். அங்கே வெளிவழிக்கு மைல் கணக்கில் எண் வைப்பார்கள். நூற்று இருபத்தாறுக்கு அடுத்தது நூற்று முப்பத்தொன்றாக இருக்கும். இங்கிலாந்தில் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் பார்த்துப் பழகியவர், இடையில் பலகைகளைத் தவறவிட்டேன் என்று நினைத்தாரே தவிர, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவில்லையாம். திரும்பி வந்துசேர்ந்தபோது சின்னண்ணனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். சின்னண்ணன் பிறகு கண் திறக்கவில்லை.

"நீ சொன்னது சரி தங்கச்சி. நான்தான் மாறி மேற்கில ஏறிட்டன்" என்றார் பெரியண்ணன். நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, வாய்க்கு வந்தபடி ஏசினேன். இருபது வருடம் லொறி ஓட்டியவருக்கு எழுவான் எது, படுவான் எது என்று தெரியாதா என்று கேட்டேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைத்தால் சுகமா, சாப்பிட்டீங்களா என்பதோடு வைத்துவிடுவேன். அப்படியும் அவர் ஒரு ஞாயிறு தவறாமல் அழைத்தார். சென்ற வருடம் அவரும் போய்ச்சேர்ந்தார்.

இந்த ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சின்னண்ணனின் மனைவி வந்து என்னோடு தங்கினாள். தேத்தண்ணி குடிக்கும்போது பேச்சு அந்த நாளுக்குப் போனது. பெரியண்ணன் மட்டும் மேற்கே ஏறாமல் இருந்திருந்தால் என்று நான் தொடங்கினேன்.

"பெரியத்தான் மேற்கில ஏறல்ல, மச்சாள். கிழக்கில ஏறினவர். ஆஸ்பத்திரிதான் மேற்கில" என்றாள்.

கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். பாதிவழியில் பெரியண்ணன் திரும்ப அவளுக்கு அடித்திருக்கிறார், இந்தமுறை கிடைத்தது, கிழக்கே தான் நிற்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார். கட்டிலைத் தள்ள ஆள் வந்து நின்ற நேரம் அவள் அதைச் சின்னண்ணனிடம் சொன்னாளாம்.

"அவர் விழுந்து விழுந்து சிரிச்சவர். 'அண்ணன் ஊர்ப்பேர் பாத்துத்தான் திரும்புவார். திசை பாத்துப் போயிருக்காரெண்டா அது தங்கச்சி சொன்ன வழி. ஆஸ்பத்திரி எண்டா எழுவான்கரை எண்டிருப்பாள்' எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டேதான் உள்ள போனவர். பெரியத்தானிட்டயும் இதைச் சொன்னன். உங்களுக்குச் சொல்லக் கூடாது எண்டு சத்தியம் வாங்கிட்டார்."

அடுத்த நாள் காலை இருவரும் அமிர்தகழித் தீர்த்தக் குளத்துக்குப் போனோம். குளத்தில் கால் வைக்க இடமில்லாத சனம். சின்னண்ணனுக்காக ஒரு முழுக்குப் போட்டேன். பெரியண்ணனுக்காகப் போட்ட முழுக்கில், தண்ணீருக்குள் இருந்தபடியே, "அண்ணன், பிழை உங்கட இல்ல, என்ட" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாய் நிறையத் தண்ணீர் போனது. மச்சாள்தான் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.