கதவுக்குள் இருந்த பேப்பர்

மரக்கறி ஏற்றும் என் கெப் வண்டிக்குப் பெயின்ட் அடிக்க ஹட்டனில் மற்ற கராஜ்களில் குறைவாகத்தான் கேட்டார்கள். நான்தான் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, எங்கள் தோட்டத்து லயத்திலேயே வளர்ந்த சேகர் கேட்ட கூடுதல் காசைக் கொடுத்து, அவன் கராஜில் வண்டியை விட்டேன்.

“துருப்பிடிச்ச தகரத்த வெட்டிட்டு, புதுசு வச்சு வெல்டிங் பண்ணித் தாரேண்ணே” என்றான்.

ஆயுத பூஜைக்கு அவனையே தேங்காய் உடைக்க அழைத்தேன். கதவோடு வாழைக்கன்றை வைத்துக் கயிற்றை இறுக்கியதும் புதுப் பெயின்ட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே அதே பழைய துரு ஓட்டை. அதில் பேப்பரைத் திணித்திருந்தான்.

“என்னடா இது?”

“நம்ம ஊரு மழைக்கு எதுண்ணே நிக்கும்?”

“மழையில துரு பிடிக்கும். பேப்பருமா மொளைக்கும்?”

தேங்காயை அவன் கையிலிருந்து வாங்கி நானே உடைத்தேன்.

சங்கிலியை மீட்டுவிட்டேன். ஓட்டையைப் பார்த்து யாராவது கேட்டால், “மழைதான்” என்கிறேன். தம்பி மாதிரி இருந்தவன் செய்ததென்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.