ஜைனப் அக்காவின் நோட்டில் கடைசிப் பெயர்

ஜைனப் அக்கா போய்விட்டார் என்பதைப் படகுக்காரர் கரையில் இறங்காமலே சொன்னார். "மூளையில ரத்தக்கொழா அடைச்சிக்கிச்சாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில முடிஞ்சிடுச்சி." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஏதாவது மாத்திரை சாப்பிட்டுவந்தாரா என்றுதான் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள். அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பழவேற்காட்டு மருந்தகத்தில் அவர் நர்ஸ். நான் பெயர் பதிகிறவள். எங்கள் குப்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான் என்றாலும், நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சர்க்கரை மாத்திரையைப் புகழ்ந்துகொண்டிருந்த கம்பெனிக்காரரை ஒருநாள் நடுவில் நிறுத்தினார்.

"சர்க்கரை எறங்குது சார். மூத்திரச் சோதனைக் கொழாயில செவப்பு பச்சையாவறத நானே பாக்கறேன். மூளைக்குப் போற ரத்தக்கொழாய்க்கு இது நல்லது பண்ணுதா, கெட்டது பண்ணுதா? அத எதுல பாக்கறது?"

"நீங்க நர்ஸா, போலீஸாம்மா?"

"மாத்திரைக்குப் போலீஸ். நீங்க டீ குடிங்க."

அந்த வாரமே ஒரு நோட்டுப் போட்டார். பெயர், எப்படிச் சாப்பிடுகிறார், என்ன ஆனது என்று மூன்று பத்திகள். எங்கள் குப்பத்தில் மாத்திரை வாங்கியவர்களில் மூன்று பேர் பக்கவாதத்தில் விழுந்தார்கள். நோட்டில் அவர்களுக்கு அடுத்த பெயர், அதே மாத்திரை வாங்கிய என் நைனாவுடையது.

ஒரு காலையில் நைனாவின் பேச்சு குழறியது. கஞ்சி குடித்ததும் தெளிந்தது. "சர்க்கரை ரொம்ப எறங்கிடுச்சா, கொழா அடைக்கப் பாக்குதானு தெரியல. நிறுத்தலாமானு டாக்டரக் கேக்கணும்" என்றார் அக்கா. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். கொடுத்தால் நைனா நான்காவது ஆள் ஆவாரோ என்று பயம். எதற்கும் விசாரிப்போம் என்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டே சொன்னார்: "மாத்திரையா? இன்னிக்கி அவரு பாடு, நாளைக்கி என் பாடு. எனக்கும் சர்க்கரதான நர்ஸம்மா."

ஏரியில் வலை போட எங்களுக்கு முறை உண்டு. இன்று ஒரு சாரார், நாளை மறுசாரார். அதைத்தான் பாடு என்போம்.

"இன்னாம்மா இது, ஏரியப் பங்கு போடற மாதிரி மாத்திரையயுமா?"

"ஒருத்தரே எல்லாத்தையும் எடுத்துக்கினா ஞாயமா?"

விழுந்த மூவர் வீட்டிலும் விசாரித்தோம். அங்கும் அதே பாடுதான். அவர்களை வீழ்த்தியது சாப்பிட்ட மாத்திரையா, சாப்பிடாத மாத்திரையா? அக்கா மூன்று பெயர்களுக்கும் நேரே 'தெரியாது' என்று எழுதினார்.

"மாத்திரை மேல சந்தேகம் போவல. இப்ப என் நோட்டு மேலயும் வந்துடுச்சி."

டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் என்றார். அம்மாவுக்குத் தனிச்சீட்டுப் போட்டார்.

அந்த நோட்டை அக்காவின் மகள் என்னிடம் கொடுத்தாள். கடைசிப் பெயர் அக்காவுடையது. தனக்கும் சர்க்கரை என்று அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாவது பத்தியில் அவர் கையெழுத்தில் 'தினமும்' என்று இருந்தது. மூன்றாவது பத்தி காலி. 'பக்கவாதம்' என்று நான் எழுதினேன். மாத்திரையாலா என்ற கேள்விக்கு, அவர் வழக்கப்படியே, 'தெரியாது'.

இப்போதும் நைனாவுக்கு மாத்திரை கொடுக்குமுன் இன்று யார் பாடு என்று கேட்கிறேன். பதில் எனக்குத் தெரியும். அவர் சொல்லி முடிக்கும்வரை, ஒரு பக்கம் கோணுகிறதா என்று வாயின் இரண்டு ஓரங்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பார்வைதான்.