அழுகிற முகத்தை அழுத்தவும்

காளானைத் தேடிக்கொண்டிருக்கிறாள் தோருன். கைபேசியிடம் "காளான்" என்கிறாள், அது எமோஜியைக் கொண்டுவந்து பெயரை உரக்கச் சொல்கிறது, எனக்கு அனுப்பிவிடுகிறாள். எங்கள் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் யாராவது உளறினால் அவள் வழங்கும் தீர்ப்பு அது. வரலாறு கற்பிக்கிறாள். பிறவியிலேயே பார்வையில்லாததால் எந்த எமோஜியையும் கண்டதில்லை. "உங்களுக்குத்தான்டா அது படம். எனக்கு அது சொல்லு. சொல்லைப் போய் கண்ட இடத்துல கொட்டுவாங்களா?" என்பாள்.

நகராட்சி கொட்டுகிறது. மழை விடாத இந்த மேற்கு நோர்வே ஊரில், அவள் வேலைக்கு வரக் கொடுத்த டாக்சிச் சலுகையைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். ஆசிரியர் ஓய்வறையில் அவளுடைய கணினி, நகராட்சியின் இணையப் பக்கத்து அறிவிப்பை எமோஜிகளின் பெயரோடு வாசித்தது: "கொண்டாட்ட வெடி. கொண்டாட்ட வெடி. உங்கள் பயணச் சலுகை மாறுகிறது. கண்சிமிட்டும் முகம்."

மேல்முறையீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். பக்கத்தின் அடியில் கணினி சொன்னது: "பொத்தான். பொத்தான்." அவ்வளவுதான். ஒன்றை அழுத்தினால் வெட்டுக்குச் சம்மதம். மற்றது மேல்முறையீடு. எது எது?

"நான் பாத்துச் சொல்றேனே."

"வேண்டாம். தனியா இருக்கிறவங்களுக்கு யாரு பாத்துச் சொல்லுவா?"

நகராட்சியில் அந்தப் பக்கத்தை அமைத்த சீவெர்ட்டைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அட, ரொம்பச் சுலபம்! சிரிக்கிற மூஞ்சின்னா சம்மதம். அழுற மூஞ்சின்னா மேல்முறையீடு. பெரிய படமாவே ஒட்டியிருக்கோம், கலகலப்பா இருக்கட்டும்னு."

"படத்துக்குப் பேர் எழுதுனீங்களா?"

"பேரா?"

கணினி வாசிக்கும்படி படத்தோடு இரண்டு சொல் எழுத ஒரு நிமிடம் ஆகாது. எழுதியே ஆகவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. பார்வையற்றவர்களின் சலுகையைப் பற்றிய பக்கத்தில் தோரணம் இருக்கிறது, அவர்கள் நுழையக் கதவு இல்லை. அதிலும், பறிகொடுத்துவிட்டுத் தலையாட்டுகிறவர் சிரித்த முகமாம். உரிமையைக் கேட்கிறவள் அழுமூஞ்சியாம்! தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் சரி பண்ணிடுறோம். இப்போதைக்கு பக்கத்துல யாரையாவது அழுத்தச் சொல்லுங்களேன்."

"இப்பவே எழுதுங்க, சீவெர்ட். நான் லைன்லயே இருக்கேன்."

"எனக்கு ஒரு கூட்டம் இருக்கு..."

தோருன் கைபேசியைக் கணினியின் ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்தாள். ஒலியை முழுக்க ஏற்றினாள். அறிவிப்பை முதல் வெடியிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்க விட்டுவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு காபி ஊற்றப் போனாள்.