முதலில் பார்க்கும் ஸ்லைடு

சேலையூர் பரிசோதனைக் கூடத்தில் ரத்தினபாய் மைக்ராஸ்கோப்பில் முதலில் வைத்துப் பார்ப்பது நோயாளிகளின் ஸ்லைடை அல்ல, தன்னுடையதை.

கட்டிகள் வந்ததால் அவளுடைய கர்ப்பப்பையை ஆபரேஷனில் எடுத்தபோது, "பாவம், எல்லாம் போச்சே" என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். ரத்தினபாய்க்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்த பை அது. கருவைத் தாங்கச் சொல்லும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அதில் நிறைந்திருந்தன. அந்த ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்துத்தான் கூடத்தில் சோதனை செய்வார்கள். ஏற்பி இருந்தால் பழுப்பு நிறம் தெரியும். ஆன்டிபாடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்பி நிச்சயம் உள்ள திசு ஒன்றையும் கூடவே சாயமேற்றுவது வழக்கம். அதற்காக, எடுத்த பையிலிருந்து ஒரு துண்டைக் கூடத்து டாக்டர் சுப்ரஜா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "தாராளமா எடுத்துக்கோங்க மேடம்" என்றாள்.

நேற்று அவளுடைய துண்டு வெளிறிக் கிடந்தது. பிள்ளைக்காக ஏங்கும் ஒரு பெண்ணின் ஸ்லைடும் அப்படியே.

"அந்தம்மாவுக்கு ஏற்பி இல்லைன்னு எழுதியிருப்போம். நல்லவேளை, உங்களோடதும் வெளுத்திருக்கு" என்றார் டாக்டர்.

மழையில் கரண்ட் போய், ஃபிரிட்ஜில் இருந்த ஆன்டிபாடி கெட்டிருந்தது. ரத்தினபாய் புதுக் குப்பியைத் திறந்து மறுபடி சாயமேற்றினாள். இரண்டு ஸ்லைடிலும் பழுப்பு பளிச்சென்று தெரிந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள் வழக்கம்போல. பிறகு குனிந்து, தன் துண்டைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "உனக்கும்தான்டி."