தறி நின்ற நேரம்

நாளை மகளுக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சை. உள்ளறையில் மனப்பாடப் பாடலைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறாள். கூடத்தில் நான் பனியன் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அது புரியாது. ஆனால் அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த மங்கலத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறது.

அங்கே பாதி வீடு விசைத்தறிக்கு. பஞ்சுத்தூசி சோற்றிலும் படியும். அக்கா தறியருகே நின்று, அதன் தடக் தடக்குக்கு ஏற்றபடிதான் ஆங்கிலப் பாட்டைப் படிப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள் கரண்ட் போனது. தறி நின்றது, அக்காவும் பாதி வரியில் நின்றாள்.

"அப்பா, வரமாட்டேங்குதுங்க! பரீட்சை ஹால்ல தறி ஓடாதுங்களே!" என்று அழுதாள்.

"தறியத் தூக்கீட்டு வரட்டா கண்ணு?" என்றார் அப்பா.

"புள்ள அழுவுது, உங்களுக்கு நக்கலு!" என்று அம்மா அதட்டினாள்.

அப்பா பலகையில் தடக் தடக்கென்று தட்டினார். வரி வந்தது. மறுபடி சொல்லச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைத்தார். கடைசியில் அவர் கை அசையவே இல்லை. அக்கா முழுப் பாட்டையும் சொல்லி முடித்தாள்.

மகளும் அக்கா மாதிரி சத்தத்துக்கே பழகிவிடக்கூடாதே என்று தையல் மிஷினை நிறுத்தினேன். உள்ளே அவள் குரலும் நின்றது.

"ஏனுங்கப்பா நிறுத்தீட்டீங்க? மூணாவது வரி வரமாட்டேங்குது, ஓட்டுங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக.