மொன்ட்ரியாலுக்குக் கொண்டுபோன செந்தூரம்

2007 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்ட்ரியால் 540 கிலோமீற்றர். அக்காவுக்கு முதற்பிள்ளை பிறந்து முப்பது நாள். பிரசவத்துக்குப் பின் இடுப்பில் வந்த நாரி நோவுக்கென்று வவுனியாவிலிருந்து அம்மா ஆள்மூலம் அனுப்பிய மருந்துகள் என் பையில் இருந்தன: பூசும் எண்ணெய், தேனில் குழைத்து உண்ணும் செந்தூரம். செந்தூரத்தின் கண்ணாடிப் போத்தல் வழியில் உடையுமென்று பயந்து, தூளைப் பொலித்தீன் பையில் கொட்டிக் கட்டிவிட்டுப் போத்தலை எறிந்திருந்தேன்.

இரண்டரைக்கு இறங்கினேன். மெட்ரோவுக்கு 2 டொலர் 75 சதம். ரப்பர் சில்லில் ஓடும் ரயிலையும், வீடுகளுக்கு வெளியே வளைந்தேறும் இரும்புப் படிகளையும் பார்த்து வாய் பிளந்தேன். பிறகு ஒரு பஸ், மொன்ட்ரியால்-நோரில் அக்காவின் இரண்டாம் மாடி வீடு.

நாலு மணிக்கு அக்கா தேனும் கரண்டியுமாக உட்கார்ந்துவிட்டாள். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் அத்தான் அப்போதுதான் வேலையால் வந்தவர், பொலித்தீன் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"பேர்த்துண்டு இல்லாத பெட்டியை நாங்கள் பிளேனிலையே ஏத்திறேல்லை. நீர் வயித்துக்குள்ளை ஏத்தப் போறீர்."

"அம்மா விஷமே அனுப்பினவ?" என்றாள் அக்கா. ஆனாலும் கரண்டியை வைத்தாள்.

மூலையிலிருந்த மருந்தகத்துக்குப் போனோம். மருந்தாளர் ஹெயிட்டிப் பெண். அவர் சிரிக்கவுமில்லை, நாட்டு மருந்தென்று இளக்காரமாகப் பார்க்கவுமில்லை. உள்ளே என்ன, யார் செய்தது, எவ்வளவு எடுப்பது என்று மூன்று கேள்வி கேட்டார். அம்மா அனுப்பியது என்று மட்டும் சொன்னேன். இப்படியான தூள்களில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம், தாய்ப்பாலில் போகும், தெரியும்வரை தொடவேண்டாம் என்றார். எண்ணெய்ப் போத்தலில் பேர்த்துண்டு ஒட்டியிருந்தது. மூலிகைப் பெயர்களை எழுதித் தேடிப் பார்த்து, நாரிக்குப் பூசலாம், பிள்ளையில் படவிடாதீர்கள் என்றார். இங்கே வாங்குவதானால் போத்தலில் அரசு கொடுத்த எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அக்கா அவரோடு பிரெஞ்சில் சரளமாகக் கதைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை டெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமூலைக் கடையில் ஐந்து டொலருக்குத் தொலைபேசி அட்டை வாங்கி, எண்ணெய்த் துண்டில் இருந்த வைத்தியரின் இலக்கத்துக்கு அக்கா அழைத்தாள். வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்:

"ஓம் பிள்ளை, ரசம் சேர்ந்த மருந்துதான். நாரி நோவெண்டுதான் அம்மா சொன்னவ, பால் குடுக்கிறதைச் சொல்லேல்லை. பால் குடுக்கிற ஆக்கள் எடுக்கக்கூடாதெண்டு போத்திலிலை எழுதி ஒட்டினனானே."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கத் தொடங்கினாள். செந்தூரத்தை அத்தான் மருந்தகத்தில் ஒப்படைத்தார். குப்பையில் போடாதீர்கள் என்று அந்தப் பெண் முதல்நாளே சொல்லியிருந்தார்.

ஊரில் மருந்து தருபவரின் முகம் தெரிந்தால் போதும், கேள்வி கேட்க மாட்டோம். இங்கே முகமறியாத ஒருத்தி எங்களுக்காகக் கேட்டாள். அந்த நகரத்தின் மேல் எனக்கு வந்த மதிப்பு அதனால்தான்.

மதியம் பஸ் ஏறுமுன் அம்மாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அதிகம் படித்தவன் நான். அம்மா கேட்டது இதுதான்:

"நான்தான் எழுத்துத் தெரியாதனான். நீ ஏன்ரா வாசிக்காமல் எறிஞ்சனி?"